பிரசிடெண்ட் வீட்டுக்காரர்

வாங்க மேடம், வாங்க. செருப்பு அங்கேயே கெடக்கட்டும், உள்ள வாங்க. மெட்ராஸ் ஆபீஸ்லேர்ந்து வர்றதா போன்ல சொன்னது நீங்கதானே? எங்க வீட்டம்மா இல்ல. பக்கத்து யூனியன்ல பொம்பளப் பிரசிடெண்டுகளுக்கெல்லாம் பாடம் நடத்தக் கூப்பிட்டாங்கன்னு காலையிலயே பஸ் ஏறிட்டா. வர சாயங்காலம் ஆயிரும். நீங்க உக்காருங்க. நான்தான் வீட்டுக்காரர். மாயழகு.

உங்க ஆபீஸ் மூலமா வெளிநாடு போயிட்டு வந்தவங்க சொந்த ஊருக்கு என்ன செஞ்சிருக்காங்கன்னு எழுதப் போறீங்களாமே. நல்ல விசயம். என்கிட்ட கேளுங்க. அவகிட்ட கேட்டா ரெண்டு வார்த்தையில முடிச்சிருவா. எனக்குத்தான் முழுசாத் தெரியும். அனுபவிச்சவன் நான்தானே.

இந்த ஊராட்சி எங்கப்பா காலத்துலேர்ந்து எங்க குடும்பம் பாத்தது. போன எலக்‌ஷன்ல பொம்பளைக்குன்னு ஒதுக்கிட்டாங்க. சட்டம் அப்படின்னா நாம என்ன செய்ய முடியும்? எங்க வீட்டம்மா தனக்கொடியை நிறுத்தினேன். வீடு வீடாப் போயி ஓட்டுக் கேட்டது நான். ஜெயிச்சது நான். மாலை அவ கழுத்துல விழுந்துச்சு, அது வேற விசயம்.

ஆரம்பத்துல எந்தக் கொறையும் இல்லாம நடந்துச்சு மேடம். ஆபீஸ்ல நான் உக்காருவேன். தீர்மானத்தை நான் சொல்லுவேன், கிளார்க் தெய்வேந்திரன் எழுதுவான். கையெழுத்து வேணும்னா புத்தகத்தை வீட்டுக்குக் குடுத்து விடுவோம். அவ அடுப்படியிலேர்ந்து கையத் தொடச்சுக்கிட்டே வந்து போட்டுக் குடுப்பா. என்ன ஏதுன்னு கேக்க மாட்டா. அவ்வளவு நம்பிக்கை எம்மேல. அந்த நம்பிக்கையைக் கெடுத்தது உங்க ஆபீஸ்தான். தப்பா எடுத்துக்காதீங்க. காபி குடிங்க. நான்தான் போட்டேன், சக்கரை கூட இருந்தாச் சொல்லுங்க.

ஏதோ ஒரு பயிற்சி வகுப்புல உங்க ஆபீஸ் அம்மா ஒருத்தவங்க இவளைப் பாத்துட்டு, நீங்க அமெரிக்கா போறதுக்கு எழுதிப் போடுங்கன்னு சொல்லியிருக்காங்க. நானும் தெய்வேந்திரனும் உக்காந்து எழுதினோம். செஞ்ச வேலை எல்லாத்தையும் வரிசையாப் போட்டோம். ரோடு, தெருவிளக்கு, பள்ளிக்கூடத்துச் சுவரு. எல்லாம் நான் செஞ்சது, அவ பேர்ல எழுதினோம். அப்புறம் கம்ப்யூட்டர்ல நேர்காணல் வச்சாங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாதேன்னு நான் பக்கத்துல உக்காந்து கையில சைகை காட்டிக்கிட்டிருந்தேன். அந்தப் பக்கத்துலேர்ந்து, பக்கத்துல இருக்கற சார் கொஞ்சம் வெளிய இருக்கட்டும்னுட்டாங்க. என் வீட்டுல என்னை வெளிய இருங்கங்கறாங்க. சரின்னு ஜன்னல்கிட்ட நின்னேன். அவ பாட்டுக்குப் பேசுறா, பேசுறா, நிறுத்தவே இல்ல. எனக்கு ஒரே ஆச்சரியம். இத்தனை வருசமா வீட்டுக்குள்ளயே இருக்கறவளுக்கு இவ்வளவு பேச என்ன இருக்கும்?

எடுத்துட்டாங்க. நான் ஜோடியாத்தான் போகணும்போலன்னு நெனச்சு ரெண்டு பேருக்கும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் குடுத்தேன். என்னோடது வந்து அந்தா பீரோவுல சும்மா கெடக்கு. அவ மட்டும்தானாம். துணைக்குக்கூட ஆள் வரக் கூடாதாம். பொம்பளையைத் தனியா அனுப்பணுமான்னு எங்க மெயின் தெருவுல எல்லாருமே கேட்டாங்க. நான்தான் பெருந்தன்மையா விட்டேன். பஸ் ஸ்டாப்புல பிளக்ஸ் வச்சேன். என் போட்டோ பெருசா இருந்துச்சு, அவளோடது ஓரமா இருந்துச்சு. அவளுக்கு நல்ல போட்டோ இல்ல மேடம், ரேஷன் கார்டுலேர்ந்து எடுத்ததுதான்.

மூணு வாரம் போயிட்டு வந்தா. மதுரை ஏர்போர்ட்ல எறங்கி கார்ல வரும்போது ஆசையாக் கேட்டேன், என்னென்ன பாத்தேன்னு. உசரக் கட்டடம், பாலம், கடலுன்னு ஏதாவது சொல்லுவான்னு பாத்தா, காஞ்ச புல்லைப் பாத்தேன்னா.

சிரிக்காதீங்க, நெசமாத்தான். இவளையும் கூடப் போனவங்களையும் ஒரு சின்ன ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. அந்த வருசம் அங்க மழை இல்லையாம். வீட்டு முன்னாடி புல்லுக்குத் தண்ணி விடக் கூடாதுன்னு ஊர்ச்சபையில முடிவு பண்ணிட்டாங்களாம். அந்த ஊரு மேயர் ஒரு பொம்பள. அவ வீட்டுக்குத்தான் இவங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்காங்க. தெருவுலயே அவ வீட்டுப் புல்லுதான் மொதல்ல காஞ்சு கெடந்துச்சாம். மத்தவங்களை நிறுத்தச் சொல்றதுக்கு முன்னாடி தன் வீட்டுக் குழாயை அவ மூடிட்டாளாம். இதைச் சொல்லிட்டு இவ ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்துக்கிட்டா. நான் கேட்டேன், காஞ்ச புல்லைப் பாக்கவா பிளேன் ஏறிப் போனே, நம்ம ஊர்ல இல்லாத காஞ்ச புல்லான்னு. அப்பவே நான் உசாராயிருக்கணும்.

ஒரு நாள் ஓய்வு எடுத்தா. அடுத்த நாள் நான் ஆபீஸ்ல உக்காந்திருக்கேன், இவ வந்து வாசல்ல நிக்கிறா. சேலையெல்லாம் பளிச்சுன்னு கட்டிக்கிட்டு. வீட்டுல ஏதோ ஆயிப் போச்சுன்னு நெனச்சேன். ஒண்ணும் இல்ல, ஆபீசுக்கு வந்தேன்னா. எந்திரிங்கன்னு சொல்லல, அதைச் சொல்லிரணும். மூலையில கெடந்த பிளாஸ்டிக் சேரை எடுத்து மேசைக்கு எதுத்தாப்புல போட்டு உக்காந்தா. உக்காந்துக்கிட்டு தெய்வேந்திரன்கிட்ட, இனிமே தெனம் மத்தியானம் வரைக்கும் நான் இங்க இருப்பேன், புதன்கிழமை யாரு வந்து என்ன கேட்டாலும் அங்கேயே பதில் சொல்லுவேன், வெளிய எழுதிப் போடுங்கன்னா. தெய்வேந்திரன் என்னைப் பாக்குறான். நான் கூரையைப் பாக்குறேன்.

இதெல்லாம் ரெண்டு நாளைக்குன்னுதான் நெனச்சேன். ஆனா ஆளுக வர ஆரம்பிச்சிட்டாங்க மேடம். பெரிய நாற்காலியில நான், பிளாஸ்டிக் சேர்ல அவ. வர்றவன் எல்லாம் எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு அவகிட்டப் பேசுறான். மரியாதை தெரியாத சனம். கொஞ்ச நாள் பொறுத்துப் பாத்தேன். அப்புறம் எனக்கு வெளிவேலை நெறைய வந்துருச்சு, ஆபீசுக்குப் போறதைக் கொறைச்சுக்கிட்டேன்.

ஒரு புதன்கிழமை கிழக்குத் தெருவுலேர்ந்து இருளாயின்னு ஒரு பொம்பள வந்திருக்கா. கிழக்குத் தெருன்னா, நீங்க படிச்சவங்க, நான் வெளக்க வேண்டியதில்ல. ஊருக்குக் கடைசி. பைப்பும் அங்கதான் போயி முடியுது. அவ, எங்க தெருவுல குழாய் போட்டு எத்தனையோ வருசமாச்சு, ஆனா ஒரு குடம் நெறையறதுக்குள்ள பிள்ளைக பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிப் போயிருது, நாளைக்குக் காலையில நீங்களே வந்து பாருங்கன்னு இவளைக் கூப்பிட்டிருக்கா. கூப்பிட்டா போயிரணுமா? பிரசிடெண்டுன்னா ஒரு இது இருக்குல்ல? நானா இருந்தா, பாக்குறேன் போன்னு அனுப்பியிருப்பேன். அந்தச் சனமும் சந்தோசமாப் போயிருக்கும்.

இவ போயிட்டா. காலையில தண்ணி விடுற நேரத்துக்கு, கையில ஒரு குடத்தோட. அங்க வரிசையில அவங்களோட அவங்களா உக்காந்திருந்திருக்கா. நூல் மாதிரி வந்துச்சாம். அதுவும் பாதியில நின்னு போச்சாம். தெய்வேந்திரனைக் கூப்பிட்டு ஏன்னு கேட்டிருக்கா. அவன் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். மெயின் தெருவுல ஒவ்வொரு வீட்டுலயும் குழாயில மோட்டார் மாட்டி உறிஞ்சுறாங்கம்மா, அதைத் தாண்டி வந்தாத்தானேன்னு சொல்லிட்டான். உங்க வீட்டு மோட்டார்தான் பெருசுன்னும் சேத்துச் சொல்லியிருக்கான். என் உப்பைத் தின்னவன்.

மோட்டார் வைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குதான். ரோட்டுல எச்சித் துப்பக் கூடாதுன்னும்தான் சட்டம் இருக்கு. மாடியில டேங்க் கட்டியிருக்கோம், மேலயும் கீழயும் பாத்ரூம் வச்சிருக்கோம், தண்ணி தானாவா ஏறும்? பக்கத்து வீட்டுக்காரன் மாட்டினா நாமளும் மாட்டித்தானே ஆகணும்? இதை யாரும் தப்புன்னு நெனச்சதே இல்ல மேடம். குழாய்னா மோட்டார் இருக்கும், அவ்வளவுதான்.

அன்னைக்கு நான் டீக்கடைக்குப் போயிட்டு வீட்டுக்கு வந்தா, பிளம்பர் கொல்லையில உக்காந்து ஸ்பேனர் வச்சுத் திருகிக்கிட்டிருக்கான். இவ பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருக்கா.

என்ன இதுன்னேன்.

“மோட்டாரைக் கழட்டச் சொன்னேன்”னா.

“யாரைக் கேட்டு?”

“பிரசிடெண்டைக் கேட்டு.”

அப்படியே சொன்னா மேடம். குரலை உசத்தல, சிரிக்கல. பருப்பு வெந்துருச்சுங்கற மாதிரி சொன்னா. பிளம்பர் என்னைப் பாத்தான், அவளைப் பாத்தான், மறுபடியும் ஸ்பேனரைத் திருக ஆரம்பிச்சிட்டான். ஊர்ல யாரு பேச்சு எடுபடுதுன்னு மொதல்ல கண்டுபிடிக்கறது பிளம்பர்தான்.

சரி, கழட்டினது கழட்டின, வீட்டுக்குள்ள ஒரு மூலையில வச்சாலாவது மானம் மிஞ்சும். ஆபீசுக்குத் தூக்கிட்டுப் போயி, உள்ள நுழைஞ்சதும் கண்ணுல படற மாதிரி மேசையில வச்சிட்டா. ‘மாயழகு, மெயின் தெரு’ன்னு அதுல ஒரு சீட்டு வேற. அவ பேரை எழுதல பாருங்க. வீடு என் பேர்ல இருக்காம், இணைப்பும் என் பேர்ல இருக்காம், அதனாலயாம். நல்லதுக்கெல்லாம் அவ பேரு, மோட்டாருக்கு மட்டும் என் பேரு.

அதுக்கப்புறம்தான் மத்த வீடுகளுக்குப் போனா. அதட்டல, அபராதம்னு பயமுறுத்தல. எங்க வீட்டுது ஆபீஸ்ல இருக்கு, உங்க வீட்டுதையும் கழட்டிருங்கன்னு மட்டும் சொல்லிட்டு வாசல்லயே நிக்க வேண்டியது. உள்ள வந்து உக்காருன்னாலும் உக்கார மாட்டா. நின்னுக்கிட்டே இருப்பா. ஒரு பொம்பள வாசல்ல நின்னுக்கிட்டே இருந்தா எத்தனை நேரம் தாங்கும்? ஒவ்வொருத்தனா கழட்டினான். வெக்கங்கெட்டவனுங்க. என் பெரியப்பா மகன் சொக்கலிங்கம் அண்ணன்தான் கடைசி வரைக்கும் தாக்குப்பிடிச்சாரு. அவரும் ஒரு நாள் கழட்டிக் குடுத்துட்டு நேரா என்கிட்ட வந்து, பொண்டாட்டியை அடக்கத் துப்பில்லாதவன்னு நடுத்தெருவுல வச்சுச் சொன்னாரு. நாலு பேரு பாத்தாங்க.

நான் சும்மா இருக்கல. அவகூடப் பேசுறதை நிறுத்தினேன். சாப்பாட்டுல கோவத்தைக் காட்டக் கூடாதுன்னு மூணு வேளையும் சாப்பிட்டேன், ஆனா ஒரு வார்த்தை பேசல. ரெண்டு மாசம். அதுல ஒரு சங்கடம் என்னன்னா, நான் பேசலைங்கறது அவளுக்குத் தெரிஞ்சிச்சான்னே தெரியல. அவ பாட்டுக்கு வர்றா, போறா, போன்ல பேசுறா, புதன்கிழமைக்குப் படிக்கிறா.

மாடி டேங்க் நெறையல. கீழ தொட்டியில புடிச்சு நான்தான் வாளியில மேல தூக்கினேன். அவ தூக்குவான்னு பாத்தா, மாடி பாத்ரூமைப் பூட்டிட்டு எல்லாருக்கும் கீழயே போதும்னுட்டா. எனக்கு மாடியிலதான் குளிச்சுப் பழக்கம்.

யூனியன் ஆபீசுக்கும் போனேன். பிரசிடெண்ட் ஊரைக் கலக்காம தன்னிச்சையா நடக்குறாங்க, பொதுமக்கள் கொந்தளிச்சுப் போயிருக்காங்கன்னு பிடிஓகிட்ட மனுக் குடுத்தேன். அவரு படிச்சுப் பாத்துட்டு, நீங்க யாருன்னாரு. பிரசிடெண்ட் வீட்டுக்காரர்னேன். அப்ப வீட்டுலயே பேசிக்கங்கன்னு மனுவைத் திருப்பிக் குடுத்துட்டாரு. வீட்டுல பேசுறதில்லைங்கறதை அவருகிட்ட எப்படிச் சொல்றது?

கடைசியா மெயின் தெருக்காரங்க கூடி ஒரு முடிவுக்கு வந்தோம். ஆகஸ்ட் பதினஞ்சு கிராம சபையில வச்சுக் கேட்டுருவோம், மாடி வீடுகளுக்கு மோட்டார் வச்சுக்கலாம்னு தீர்மானம் போட வச்சிருவோம்னு. யாரு பேசுறதுன்னு வந்தப்போ எல்லாரும் என்னைப் பாத்தாங்க. உன் வீட்டுல ஆரம்பிச்சது, நீயே முடின்னாரு சொக்கலிங்கம் அண்ணன்.

முன்னெல்லாம் கிராம சபை எவ்வளவு சுருக்கா நடக்கும் தெரியுமா மேடம்? கிளார்க் புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு தெருத்தெருவா வருவான், அவங்கவங்க வாசல்ல நின்னு கையெழுத்தைப் போட்டா கூட்டம் முடிஞ்சது. யாருக்கும் தொந்தரவு இல்ல. இவ அதையும் மாத்தியிருந்தா. பள்ளிக்கூடத்து மைதானத்துல பந்தல் போட்டு, சேர் போட்டு, மைக் செட் வச்சிருந்தா. பேசறவங்க ஒவ்வொருத்தரா வந்து பேரையும் தெருவையும் சொல்லிட்டுப் பேசணும், அங்கேயே பிரசிடெண்ட் பதில் சொல்லணும். அந்தப் புல்லு காஞ்ச ஊர்ல அப்படித்தானாம். கிழக்குத் தெரு மொத்தமும் வந்து முன்வரிசையில உக்காந்திருக்கு. நாங்க பின்னால நின்னோம்.

என் முறை வந்துச்சு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். மைக்கைப் புடிச்சு, பெரியோர்களே தாய்மார்களேன்னு ஆரம்பிச்சேன். ஆரம்பிச்ச உடனே மேடையிலேர்ந்து அவ சொல்றா.

“பேரையும் தெருவையும் சொல்லிட்டுப் பேசுங்க.”

எங்கிட்ட. இந்த ஊர்ல எம் பேரு தெரியாதவன் எவன் இருக்கான்? சும்மா சொல்றான்னு நெனச்சு நான் மேல பேசப் போனேன். அவ பேனாவை வச்சிட்டுக் காத்துக்கிட்டிருக்கா. கூட்டமும் காத்துக்கிட்டிருக்கு. பின்னால யாரோ இருமினாங்க.

“மாயழகு. மெயின் தெரு”ன்னேன்.

என் பொண்டாட்டிகிட்ட என் பேரைச் சொன்னேன் மேடம். கல்யாணத்தன்னைக்குக்கூடச் சொல்லல.

ஆனா கேள்வியை விடல. நீங்க இப்பக் கேக்க வந்த அதே கேள்விதான். “அமெரிக்கா வரைக்கும் போயிட்டு வந்தீங்களே, இந்த ஊருக்கு என்ன கொண்டு வந்தீங்க?”ன்னு கேட்டேன். எங்க தெரு ஆளுக கை தட்டினாங்க. நல்ல கேள்விதானே? நீங்களே சொல்லுங்க.

அவ மைக்கைக் கிட்ட இழுத்துக்கிட்டா. “மெயின் தெரு மாயழகு கேட்டதுக்குப் பதில்”னு ஆரம்பிச்சா.

இருபத்திரண்டு வருசம் ஆச்சு எங்களுக்குக் கல்யாணமாகி. என் பேரை அவ வாயால நான் கேட்டதில்ல. என்னங்கன்னுவா, இந்தாங்கன்னுவா. ஆஸ்பத்திரியில டோக்கன் போடறப்போ வீட்டுக்காரர் பேரு என்னன்னு கேட்டா என்னைத் திரும்பிப் பாப்பா, நான் சொல்லுவேன். அப்படிப்பட்டவ. அன்னைக்கு மைக்குல, ஊரு முன்னாடி, பந்தல்ல கட்டியிருந்த ரெண்டு ஸ்பீக்கர் குழாயிலயும் என் பேரு கேக்குது. பொம்பளைக எல்லாம் அவ வாயையே பாக்குறாங்க. எனக்குக் காது அடைச்சுப் போச்சு. அவ என்ன சொன்னான்னு அப்புறம் தெய்வேந்திரன்தான் படிச்சுக் காட்டினான்.

“நான் ஒண்ணும் கொண்டு வரல. தண்ணி இங்கதான் இருந்துச்சு.”

அவ்வளவுதான் சொல்லியிருக்கா. எழுதிக்கங்க மேடம். ஒண்ணும் கொண்டு வரலைன்னு அவளே ஒத்துக்கிட்டா. மினிட் புத்தகத்துல இருக்கு, கையெழுத்தும் போட்டிருக்கா. உங்க ஆபீஸ் அத்தனை பேரைப் பிளேன் ஏத்தி அனுப்புதே, கடைசியில கணக்கு இதுதான். ஒண்ணும் இல்ல.

மோட்டார் வைக்கலாமா வேண்டாமான்னு கை தூக்கச் சொன்னாங்க. கிழக்குத் தெரு தூக்கும், அது தெரிஞ்சதுதான். எங்க தெருப் பொம்பளைகளும் வேண்டாம்னு தூக்கினாங்க. மொதல்ல தூக்கினது யாருங்கறீங்க? சொக்கலிங்கம் அண்ணன் சம்சாரம், எங்க மதினி. அண்ணன் பக்கத்துல நின்னுக்கிட்டு இருக்காரு, அவங்க பாட்டுக்குக் கையைத் தூக்கிட்டு எறக்கவே இல்ல. என்ன நெனச்சுத் தூக்கினாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. கூட்டம் முடியறதுக்குள்ள அண்ணன் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு நடையைக் கட்டிட்டாரு.

இப்ப கிழக்குத் தெருவுல தண்ணி நல்லா வருதுன்னு பேசிக்கறாங்க. எங்க தெருவுலயும் குழாயைத் தொறந்தா வருது, மோட்டார் இல்லாமலே. அதுல என்ன அதிசயம்? குழாயில தண்ணி வராம வேற என்ன வரும்? இதைப் பாக்க உங்களை மாதிரி ஆளுக கேமராவைத் தூக்கிக்கிட்டு வர்றீங்க.

கிராம சபை அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பேசாம இருந்ததை நானே முடிச்சேன். இதுக்கு மேல பொறுக்க முடியாது. கேட்டேன், இத்தனை வருசம் சொல்லாத பேரை ஊரு முன்னாடி எப்படிச் சொல்லலாம்னு. அவ சேலையை மடிச்சுக்கிட்டிருந்தா. கேள்வி கேட்டவங்க பேரைச் சொல்லித்தான் பதில் சொல்லணும், அது முறைன்னா.

அப்ப வீட்டுல மட்டும் ஏன் இத்தனை நாளாச் சொல்லலைன்னு மடக்கினேன். நல்லா மடக்கினேன்ல?

அவ மடிக்கறதை நிறுத்திட்டு என்னைப் பாத்தா. “வீட்டுல நீங்க எங்கிட்ட எப்பக் கேள்வி கேட்டீங்க?”ன்னா.

இதெல்லாம் ஒரு பேச்சா மேடம்? நான் கேக்காமலா இருந்தேன்? இருபத்திரண்டு வருசமா தெனம் கேக்குறேன். வெளியிலேர்ந்து வந்து செருப்பைக் கழட்டினதும் மொதல்ல அவகிட்டக் கேக்கறதே அதுதான். சோறு ஆயிருச்சான்னு தெனம் கேக்குறேன்.